இருபத்தேழாவது ஓட்டை

ஒரு மலை மேல ஒரு ஊரு. அந்த ஊர்ல கடைசியா ஒரு வீடு. அந்த வீட்டுல ஒரு அம்மா, ஒரு பாப்பா, இருபத்தேழு ஓட்டை.

ம் போடு. நீ ம் போட்டாத்தான் கதை நடக்கும்.

"ம்."

மேல இருக்கிற அந்த ஓட்டையை அடைச்சிரும்மா, காத்து வருதுன்னு சொன்னேல்ல. அதுக்குத்தான் இந்தக் கதை. முழுசாக் கேளு. கேட்டு முடிச்ச பெறகும் அடைக்கணும்னு சொன்னேன்னா, காலையில ஏணி போட்டு அடைச்சிருவோம்.

"ம்."

அந்த அம்மா பேரு செவ்வந்தி. அவ மலைக்காரி இல்ல, கீழ வெயில் ஊர்ல பொறந்தவ. அந்த ஊர்ல எல்லாரும் வாசக்கதவைத் தொறந்து போட்டு, முந்தானையால விசிறிக்கிட்டு, காத்து வராதா வராதான்னு படுத்திருப்பாங்க. கல்யாணம் முடிஞ்சு மேல வந்தா, இங்க காத்து கூப்பிடாமலே வருது. வந்தா போகவும் மாட்டேங்குது. அதுக்குப் பேரு ஊதக்காத்து. அது வரும்போதே ஊஊஊன்னு வரும்.

செவ்வந்திக்கு ரொம்பக் கூச்சம். கடைக்குப் போயி "உப்பு"ன்னு வாயைத் தொறக்குறதுக்குள்ள, கடைக்காரரு மூணு பேருக்குச் சாமான் கட்டிக் குடுத்துருவாரு. தெரியாத விஷயம் இருந்தா யாருகிட்டயும் கேக்க மாட்டா. கேட்டா சிரிப்பாங்களோன்னு பயம். பேசாம, அவளாவே யோசிச்சு யோசிச்சு ஒண்ணு செய்வா.

அப்போ மழைக்காலம். பாப்பாவோட அப்பா காரட் மூட்டையை லாரியில ஏத்திக்கிட்டு கீழ சந்தைக்குப் போயிருந்தாரு. போன எடத்துல மழை பிடிச்சுக்கிச்சு. மண்ணு சரிஞ்சு ரோட்டுல விழுந்துருச்சு. "ரோடு சரியாக ரெண்டு நாளாகும் போல, பாத்து இருந்துக்க"ன்னு போன்ல சொன்னாரு. "ம்"னு மட்டும் சொன்னா செவ்வந்தி. பாப்பாவுக்கு இருமல்னு சொல்லல. சொன்னா அவரு நடந்தே வந்துருவாரு.

"பாப்பாவுக்கு இருமலா?"

ஆமா. ரெண்டு நாளா கொக் கொக். பாலு குடிக்கும்போது கொக். சிரிச்சாக்கூட கொக். கைப்பிடி அளவு நெஞ்சு, அது இருமும்போது தூக்கித் தூக்கிப் போடும். பக்கத்துத் தெருவுல இருந்த நர்சம்மா வந்து பாத்துட்டு, மருந்து குடுத்துட்டு, ஒண்ணு சொன்னாங்க. "ஊதக்காத்து படாம பாத்துக்கம்மா. சளி நெஞ்சுல எறங்கிருச்சுன்னா கீழ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும். ரோடு வேற அடைச்சுக் கெடக்கு."

அவ்வளவுதான். செவ்வந்தி பாப்பாவுக்கு இன்னொரு போர்வை போத்துனா. அன்னைக்குச் சாமி படத்துக்கு முன்னால ஊதுபத்தி ஏத்துறா. புகை நேரா மேல போகணும்ல? போகல. சட்டுன்னு வளைஞ்சு, பாப்பா படுத்திருக்கிற பக்கமா ஓடுது. செவ்வந்தி அதையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் ஊதுபத்தியைக் கையில எடுத்துக்கிட்டு வீடு முழுக்க நடந்தா. எங்க புகை ஆடுதோ அங்க ஓட்டை.

எண்ணிப் பாத்தா. கதவுக்குக் கீழ ஒண்ணு. ஜன்னலைச் சுத்தி அஞ்சு. கூரைத் தகரம் அலை அலையா இருக்குல்ல, அந்த அலைக்கும் சுவருக்கும் நடுவுல இருபது. ஆக எத்தனை?

"நெறைய."

இருபத்தாறு. இன்னொண்ணு இருக்கு, அதை அப்புறம் சொல்றேன்.

முதல்ல கதவு. கதவுக்கும் தரைக்கும் நடுவுல ஒரு கை போற எடம். அது வழியா ஊதக்காத்து எட்டிப் பாத்துச்சு. "ஊஊஊ. செவ்வந்தி, உள்ள வரவா?"

"வராத. பாப்பாவுக்கு ஆகாது."

செவ்வந்தி ஒரு பழைய செவப்புச் சேலையை எடுத்தா. நீளமாப் பை மாதிரி தைச்சா. அதுல மணலை ரொப்பி, ரெண்டு முனையையும் முடிஞ்சா. செவப்பா, கொழுகொழுன்னு ஒரு பாம்பு. அதை இழுத்துட்டு வந்து கதவடியில படுக்கப் போட்டு, காலால ஒரு மிதி மிதிச்சா. காத்து முட்டிச்சு. பாம்பு அசையல.

அப்புறம் ஜன்னல்.

"பாம்பு கடிக்குமா?"

கடிக்காது. அது துணிப் பாம்பு. அது நல்ல பாம்புதான், கடைசியில பாரேன்.

அப்போ ஜன்னல் வழியா காத்து வந்துச்சு. இந்தத் தடவை மெல்லிசா, விசில் மாதிரி. "சீஈஈய். செவ்வந்தி, உள்ள வரவா?"

"வராதன்னு சொன்னேன்ல."

மைதாவைத் தண்ணியில கரைச்சு, அடுப்புல வச்சுக் கிண்டிப் பசையாக்குனா. பழைய பேப்பரை நீள நீளமாக் கிழிச்சு ஜன்னலைச் சுத்தி ஒட்டுனா. மேல ஒரு வரிசை, அதுக்கு மேல இன்னொரு வரிசை. ஊதுபத்தியைக் காட்டுனா. புகை ஆடல.

அதுக்கப்புறம் கூரை. காத்து இப்போ கோவமா வருது. தடதடதட தடதடதட. தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போடுது. "செவ்வந்தி, உள்ள வரவா?"

"வராத, வராத, வராத."

காரட் கட்டுற சாக்கைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு அலைக்குள்ளயும் கரண்டிக் காம்பால குத்திக் குத்தி அடைச்சா. கழுத்து வலி. கையெல்லாம் சிராய்ப்பு. ஸ்டூல் மேல ஏறி நிக்கிறா, அந்த நேரம் பாத்து பவுனு வந்தா. பவுனு யாருன்னா பாப்பாவோட அத்தை, அப்பாவுக்குத் தங்கச்சி. பக்கத்து வீட்டுலதான் வாக்கப்பட்டிருந்தா. அவளுக்கு வாய் ஒரு எடத்துல நிக்காது.

"என்ன மயினி, காத்தை உள்ள வச்சுப் பூட்டப் போறியா, வெளிய வச்சுப் பூட்டப் போறியா?"

செவ்வந்தி சிரிச்சா. ஸ்டூல் மேல நின்னுக்கிட்டே மேல கையைக் காட்டி, "பவுனு, அது என்னத்துக்கு அங்க ஒரு ஓட்டை?"ன்னு கேட்டா. அரை நாளா மனசுலயே வச்சிருந்த கேள்வி அது.

அதுதான் இருபத்தேழாவது. சுவரு உச்சியில, கூரைக்குக் கீழ, ரெண்டு செங்கல் அளவுக்கு விட்டு வச்சிருந்தாங்க.

"அதுவா? அது புகை போற வழி. அந்தக் காலத்துல கீழ வெறகடுப்பு எரியும், மேல பரண்ல பூண்டைக் கட்டித் தொங்க விட்டுருப்பாக. பூண்டுக்குப் புகை பிடிச்சா வருசம் முழுக்கக் கெடாது. இப்ப யாரு வெறகு எரிக்கிறா, எல்லாம் கேசு." பவுனு வந்த வேலை வேற. கொஞ்சம் டீத்தூள் வாங்கிக்கிட்டு, "அடுப்புல பாலு வச்சிருக்கேன்"னு ஓடிட்டா.

செவ்வந்தி யோசிச்சா. வெறகு எரிக்கலைன்னா புகை இல்ல. புகை இல்லைன்னா வழி எதுக்கு?

ஊதுபத்தியை எடுத்தா. புகை நேரா மேல போச்சு. போயி, அந்த ஓட்டைக்கிட்ட வளைஞ்சு, வெளிய போச்சு. நல்லாக் கேளு கண்ணு. மத்த ஓட்டையில எல்லாம் புகையைக் காத்து உள்ள தள்ளுச்சு. இதுல மட்டும் புகை வெளிய போச்சு. அவளுக்கு அது புரியல. புகை ஆடுனா ஓட்டை, ஓட்டைன்னா அடைக்கணும். அப்படித்தான் நெனச்சா.

"அடைச்சிட்டாளா?"

ம் போடு.

"ம்."

அடைச்சிட்டா. ஒரு தலையணையை மடிச்சு, ஸ்டூல் மேல ஸ்டூலைப் போட்டு ஏறி, மொத்துமொத்துன்னு குத்தி அடைச்சிட்டா. எறங்கி வந்து ரெண்டு ஸ்டூலையும் எடுத்து வெளிய, தாழ்வாரத்துல வச்சிட்டு, கதவைச் சாத்துனா. மழையில ஊறி கதவுப் பலகை உப்பிக் கெடந்துச்சு. தோளைக் குடுத்து, உதைச்சுத்தான் சாத்த முடிஞ்சுது. தாப்பாளைப் போட்டு, செவப்புப் பாம்பை எடுத்து மறுபடி வச்சு மிதிச்சா.

வீட்டுக்குள்ள சத்தமே இல்ல. ஊஊஊ இல்ல. சீஈஈய் இல்ல. தடதட மட்டும் எங்கயோ தூரத்துல.

ஆனா குளிரு அப்படியே இருந்துச்சு. சுவரெல்லாம் ஈரம். பாப்பா கொக் கொக். அப்போ அவளுக்கு டீக்கடை ஞாபகம் வந்துச்சு. மழை நாள்ல டீக்கடை வாசல்ல ஒரு இரும்புச் சட்டியில கரியைப் போட்டு, கங்காக்கி வச்சிருப்பாங்க. லாரிக்காரங்க எல்லாம் சுத்தி நின்னு கையைக் காட்டுவாங்க. பாத்தா அவ்வளவு எதமா இருக்கும். பரணுக்குக் கீழ ஒரு பழைய நெருப்புச் சட்டி இருந்துச்சு. ஒரு சின்ன மூட்டை கரியும் இருந்துச்சு.

அந்த மலையில எல்லாருக்கும் ஒண்ணு தெரியும். அஞ்சு வயசுப் புள்ளைக்குக்கூடத் தெரியும். கதவைச் சாத்திட்டு உள்ள கரி போடக் கூடாது. எல்லாருக்கும் தெரியும்ங்கிறதால யாரும் அதைச் சொல்றதே இல்ல. வெயில் ஊர்ல இருந்து வந்தவளுக்கு எப்படித் தெரியும்? கரியில புகை இல்ல, நாத்தம் இல்ல. வெறகு மாதிரி கண்ணு எரியாது. அதனால இது நல்ல நெருப்புன்னு நெனச்சுக்கிட்டா.

கேஸ் அடுப்புல ரெண்டு துண்டு கரியைக் காட்டி, செவக்க வச்சு, சட்டியில போட்டா. மேல இன்னும் கொஞ்சம் போட்டு ஊதுனா. உஃப், உஃப். செவசெவன்னு பிடிச்சுக்கிச்சு. பாப்பாகிட்ட இருந்து நாலு எட்டு தள்ளி வச்சா. வெளிய பொழுது சாயுது. மழை பெய்யுது. உள்ள சூடு மெல்லப் பரவுது. செவ்வந்திக்கு ரெண்டு நாள்ல மொத தடவையா பாரம் எறங்குன மாதிரி இருந்துச்சு. பாப்பா பக்கத்துல உக்காந்து, அடுத்த இருமலுக்குக் காத்துக்கிட்டு இருந்தா.

கொக்.

காத்துக்கிட்டு இருந்தா.

கொக்.

அப்புறம் ரொம்ப நேரம் இல்ல. அப்பாடா, காத்து போச்சு, இருமலும் போச்சுன்னு நெனச்சா. பாப்பா தூங்குது. கன்னம் செவந்து அழகா இருக்கு. செவ்வந்திக்குத் தலை லேசா வலிச்சுது. ரெண்டு நாளாத் தூங்கலைல்ல, அதான்னு நெனச்சா. கொமட்டுச்சு. மத்தியானம் சாப்பிடலைல்ல, அதான்னு நெனச்சா.

வெளக்கு வைக்கிற நேரத்துல ஏத்துன ஊதுபத்தி இன்னும் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அதோட புகையைப் பாத்தா. மேல போன புகை எங்கயும் போகல. பரணுக்குக் கீழ, கொசுவலை கட்டுன மாதிரி, அப்படியே நிக்குது. ஆடவே இல்ல. ஒரு புகைக்குக்கூடப் போக எடம் இல்ல.

அப்போதான் அவளுக்குப் பயம் வந்துச்சு. ஏன்னு தெரியல. பாப்பாவை அசைச்சா. "பாப்பா. பாப்பா." பாப்பா முழிக்கல. கையைத் தூக்குனா, தொப்புன்னு விழுது. "பாப்பா, இருமுடி. ஒரு தடவை இருமு."

இருமல.

"அம்மா."

இருக்கேன், இருக்கேன். என் கையைப் பிடிச்சுக்க. பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது, கேளு.

பாப்பாவைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு எந்திரிச்சா. சுவரைப் பிடிச்சுப் பிடிச்சுக் கதவுக்கிட்ட போனா. தாப்பாளைத் தொறந்தா. இழுத்தா. கதவு உப்பிப்போய் இறுகிக் கெடக்கு. இன்னொரு தடவை இழுத்தா. வரல.

ஜன்னலைப் பாத்தா. அது எதிர்ச் சுவத்துல இருக்கு. பத்து எட்டுதான். ஆனா பத்து எட்டு நடக்க முடியுமான்னு தெரியல. பேப்பரு வேற, ரெண்டு வரிசை, அவ கையால ஒட்டுனது.

மேல பாத்தா. தலையணை வச்ச ஓட்டை. ஸ்டூலு வெளிய.

பவுனைக் கூப்பிடலாம்னு வாயைத் தொறந்தா, சத்தம் வரல. வந்தாலும் எது வழியா வெளிய போகும்? இருபத்தேழையும் அடைச்சாச்சே. கால் மடங்கி அப்படியே தரையில உக்காந்துட்டா. உக்காந்த எடத்துல, கைக்கு என்ன தட்டுப்பட்டுச்சு சொல்லு.

"பாம்பு."

பாம்பேதான். செவப்புப் பாம்பு. ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்தா. மணலு, கனமா இருக்கு. முடிச்சைப் பல்லால கடிச்சுப் பிச்சா. மணலு பொலபொலன்னு கொட்டுச்சு. பாம்பு ஒல்லியாச்சு. ஒரே இழுப்பு, சர்ருன்னு வந்துருச்சு.

கதவடியில, ஒரு கை போற எடம். செவ்வந்தி குப்புறப் படுத்து, பாப்பா மூஞ்சியை அந்த எடத்துக்கு நேரா வச்சா. "வா"ன்னா. "காத்தே, வா. உள்ள வா."

வெளிய ஊதக்காத்து நின்னுக்கிட்டு இருந்துச்சு. "மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் வராதன்ன."

"தெரியாமச் சொல்லிட்டேன். எனக்கு வேணாம், பாப்பாவுக்கு மட்டும் வா."

காத்து கோவிச்சுக்கல. அதுக்குக் கோவமெல்லாம் தகரத்தோடதான். குனிஞ்சு, மெல்ல, மழை ஈரத்தோட, பாப்பா மூக்குக்கிட்ட வந்துச்சு. ஊ. ஊ. ஊ.

செவ்வந்தி பாத்துக்கிட்டே இருந்தா. ஒண்ணும் இல்ல.

ஊ.

ஒண்ணும் இல்ல.

ஊ.

கொக்.

"இருமிருச்சு."

இருமிருச்சு. கொக். அப்புறம் கொக் கொக். எந்த இருமல் போகணும்னு ரெண்டு நாளா சாமிகிட்ட வேண்டிக்கிட்டாளோ, அதே இருமல். செவ்வந்திக்கு அழுகை வந்துருச்சு. "இன்னொண்ணு இருமு, என் சாமி, இன்னொண்ணு"ன்னு கெஞ்சுறா. பாப்பா இருமிச்சு. இருமி இருமி, அப்புறம் வீல்னு அழுதுச்சு.

அந்த அழுகை கதவடி வழியா வெளிய போயி, பவுனு காதுல விழுந்துச்சு. அவ தன் வீட்டுத் தாழ்வாரத்துல காரட் மூட்டையை மூடிக்கிட்டு இருந்தா. என்னடா, புள்ளை சத்தம் தரையில இருந்து வருதேன்னு ஓடி வந்தா. "மயினி, தள்ளிப் படு, கதவை ஒதைக்கிறேன்." செவ்வந்தி பாப்பாவோட உருண்டு ஓரமாப் போனா. டம். டம். மூணாவது டம்முக்குக் கதவு பெளந்துக்கிட்டுத் தொறந்துச்சு.

உள்ள எட்டிப் பாத்தா பவுனு. சட்டி கங்காச் செவந்து கெடக்கு. அவ மொகம் வெளுத்துப் போச்சு. ரெண்டு பேரையும் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போட்டா. முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு உள்ள ஓடி, சட்டியைத் துணியால பிடிச்சுத் தூக்கிட்டு வந்து மழையில வீசுனா. சொய்ய்ய்னுச்சு.

"கதவைச் சாத்திட்டா கரி போட்ட?"

"தெரியாதே பவுனு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன? நான் என்ன உன்னைத் தின்னுருவேனா?"

"கூச்சமா இருந்துச்சு."

பவுனு தலையில கையை வச்சுக்கிட்டு மழைத்தண்ணியில உக்காந்துட்டா. "நான்தான் சொல்லியிருக்கணும். வந்து நின்னேன், பாத்தேன், எல்லாத்தையும் அடைக்கிறதைப் பாத்துட்டு, டீத்தூளை வாங்கிட்டு ஓடிட்டேன்."

அப்புறம் ரெண்டு பேரும் ஒரே கொடைக்குள்ள, பாப்பாவை நடுவுல வச்சுக்கிட்டு, நர்சம்மா வீட்டுக்குப் போனாங்க. நர்சம்மா பாப்பா கண்ணைப் பாத்தாங்க, நகத்தைப் பாத்தாங்க, நெஞ்சுல கொழாயை வச்சுக் கேட்டாங்க. அப்புறம் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டு வந்து, அதோட கொழாயைப் பாப்பா மூக்குல வச்சாங்க. செவ்வந்திக்கும் வச்சாங்க. "அடைச்ச வீட்டுல கரி எரிஞ்சா விஷக்காத்து வரும்மா, அது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது"ன்னாங்க. விடிய விடியப் பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க. விடிஞ்சு பாப்பா பாலு குடிச்சுச்சு. குடிச்சிட்டு கொக்.

ரோடு சரியாகி அப்பா வந்தாரு. எல்லாத்தையும் கேட்டாரு. நேரா ஏணியை எடுத்துட்டு வந்து தலையணையைப் பிடுங்குனாரு. எலி வராம இருக்க அதுல ஒரு கம்பி வலை அடிச்சாரு. மழையில கெடந்த சட்டியை எடுத்து, மண்ணைப் போட்டு, அதுல துளசி நட்டாரு. அப்புறம் செவ்வந்தி ஊதுபத்தியை ஏத்துனா. புகை நேரா மேல போயி, வலை வழியா, வெளிய போச்சு.

ஆனா மத்த இருபத்தாறையும் பிரிக்கல. பாப்பா படுக்குற பக்கம் காத்து வராம அடைச்சது நல்லதுதான்னு நர்சம்மாவே சொன்னாங்க. பாம்புக்கு மறுபடி மணலு ரொப்பித் தைச்சாங்க. முழுசா ரொப்பாம, கொஞ்சம் ஒல்லியா. ஒரு கையால இழுத்தா வர்ற மாதிரி.

அதுக்கப்புறம் அந்த மலைக்குக் கல்யாணமாகி யாரு புதுசா வந்தாலும், மழைக்காலத்துக்கு முன்னால செவ்வந்தி போயி அவங்க கதவைத் தட்டுவா. என்ன பேசறதுன்னு தெரியாது. முந்தானை நுனியைத் திருகிக்கிட்டே நிப்பா. ஆனா சொல்லிட்டுத்தான் வருவா. கதவைச் சாத்திட்டு கரி போடாதீங்க. புகை போற வழியை அடைக்காதீங்க.

"அம்மா."

ம்.

"அந்தப் பாப்பா இப்ப எங்க?"

அதுவா. அது வளந்துருச்சு. இப்போ காலைத் தூக்கி அவங்க அம்மா வயித்து மேல போட்டுக்கிட்டு, தூங்காம கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கு.

"நானா?"

பின்ன யாரு.

"நம்ம கதவுல இருக்கே, செவப்புப் பாம்பு."

அதேதான்.

"அம்மா, மேல ஓட்டை தொறந்திருக்கா?"

தொறந்திருக்கு. பாரு, வலை வழியா வானம் தெரியுது.

"அடைக்க வேணாம்."

சரி, வேணாம்.

"கொக்."

இருமுனியா. இரு, போர்வையை இழுத்து விடுறேன். இன்னொரு தடவை இருமு, கேக்கட்டும். ம். போதும்.

காத்து வந்து நின்னாச்சு, கதை சொல்லி முடிச்சாச்சு. கழுத்து வரைக்கும் போத்திக்க. மூக்கை மட்டும் வெளிய வச்சுக்க. தூங்கு.